ஒரே தட்டு

காலை நாலு மணிக்கு ஸெய்துனா அடுப்பை மூட்டுகிறாள்.
நான் தூங்குவதாக நடிக்கிறேன்.
வறுத்த பார்லி மாவில் வெண்ணெய் உருகும் வாசம்
போர்வைக்குள் நுழைந்து காலைப் பிடித்து இழுக்கிறது.
இன்னும் முப்பத்தொரு நாள்
எனக்கு வெண்ணெய் இல்லை, பால் இல்லை, முட்டை இல்லை.
அவளுக்கோ விடிந்தால் தண்ணீரும் இல்லை.

இந்த வருஷம் இரண்டு நோன்பும் ஒரே திங்கட்கிழமை
எங்கள் தகரக் கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தன.
அவள் பிறையை எண்ணுகிறாள், நான் ஞாயிறுகளை.
பெகோஜியின் குளிருக்கு இரண்டும் ஒன்றுதான்.
கோச் கெபெயெஹு எண்ணுவது விநாடிகளை மட்டும்.

போன வாரம் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள்.
நர்ஸ் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஈரல் சாப்பிடு."
"ஈஸ்டருக்கு அப்புறம்."
"ரத்தத்துக்கு ஈஸ்டர் தெரியாது, பெண்ணே."
சீட்டை மடித்து உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
டெஃப் மாவில் இரும்பு உண்டு என்கிறார்கள்.
அதன் விலையிலும் உண்டு, தூக்க முடிவதில்லை.
ஆகவே பாதி பார்லி கலந்த இன்ஜெரா,
மிளகாய்ச் சிவப்பில் கடலைமாவுக் குழம்பு,
பிற்பகல் மூன்று மணிக்கு
சுவரைப் பார்த்தபடி.
அவள் பின்னால் உட்கார்ந்து
ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவாள்.
"இந்தப் பக்கம் திரும்பு," என்றாள் ஒருநாள்,
"உன் முதுகைப் பார்த்தால்தான் எனக்கு அதிகம் பசிக்கிறது."

வியாழக்கிழமை, நீண்ட ஓட்டம்.
தைலமரக் காட்டுக்கு மேலே அந்தச் செம்மண் ஏற்றம்.
இருபத்தோராம் கிலோமீட்டரில்
மரங்கள் நின்றுவிட்டன, தரை ஓடத் தொடங்கியது.
எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாது.
கோச்சின் ஜீப் வளைவு தாண்டிப் போயிருந்தது.
ஸெய்துனா திரும்பி வந்தாள்.
ஜாக்கெட் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம்:
வறுத்த பார்லி, நாலைந்து வேர்க்கடலை, சர்க்கரைக் கட்டி ஒன்று.
காகிதம் மடிப்புகளில் கிழிந்திருந்தது.
தான் தொடக் கூடாததை
எத்தனை காலையாகச் சுமந்து ஓடினாளோ.

"மணி மூன்று ஆகவில்லை," என்றேன்.
"வாயைத் திற."

பார்லி பல்லில் நொறுங்கும் சத்தம்
அவளுக்குக் கேட்காமலிருக்க மெல்ல மென்றேன்.
உதடு வெடித்திருந்தவள்
வேறெங்கோ பார்த்துக்கொண்டு
தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

அன்று மாலை பாங்கு சொன்னதும்
பேரீச்சம்பழம் முடிந்த கையோடு
என் குழம்பில் அவள் இன்ஜெராவைப் பிய்த்து நனைத்தாள்.
ஒரே தட்டு. யார் பக்கம் எது என்று
நடுவில் கோடு போட யாருக்கும் பொறுமையில்லை.

பெருநாள் வந்தது. அவள் மாமா வீட்டில் ஆடு அறுத்தார்கள்.
எனக்கொரு துண்டு அவள் கொண்டுவரவில்லை, நானும் கேட்கவில்லை.
அவர்கள் அறுத்ததை நாங்கள் தின்பதில்லை,
நாங்கள் அறுத்ததை அவர்கள்.
அப்புறம் ஈஸ்டர். நர்ஸ் சொன்னபடி ஈரல்,
வெங்காயத்தோடு வதக்கி, எலுமிச்சை பிழிந்து.
ருசியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
அவள் வாசலில் நின்று பால் குடித்தாள்.
அறையில் இப்போது இரண்டு சட்டி, இரண்டு தட்டு,
கழுவுவதற்கு இரண்டு மடங்கு தண்ணீர்.

இந்த வியாழக்கிழமை நாலு மணிக்கு
நான் எழுந்து பார்லி வறுத்தேன்.
அவள் தூங்குவதாக நடித்தாள்.
பொட்டலம் என் பையில் குலுங்க ஓடினோம்.
இருபத்தோராம் கிலோமீட்டரில்
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
இருந்தாலும் நின்றோம்.