கிணற்றுக் கணக்கு

பழைய பேரேட்டில் இந்த ஊருக்கு
முன்னூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
நான் எழுதவேண்டிய புதிய ஏட்டில்
ஒரு கூடாரம், பதினாறு குதிரை,
தொக்தாய் என்றொரு கிழவன்.

வரி கேட்டேன்.
தண்ணீர் கேட்டான்.

நிலம் அவனுக்கு இனாம்; கான் கொடுத்தது.
நாற்பது வருஷம் முன்னே இதே மண்ணைக்
குதிரைமேல் இருந்து பார்த்தவன்
இப்போது மண்வெட்டியோடு குனிந்து நிற்கிறான்.
பருத்தி, முலாம்பழம், எல்லாம் நட்டுப் பார்த்தானாம்.
"ஓடை இருந்ததே, சத்தம் கேட்டிருக்கிறேன்" என்கிறான்
உடைந்த பாரசீகத்தில்.

நான் தப்ரீஸ்காரன். சண்டையில்லாமல் சாவி கொடுத்த ஊர்.
என் அப்பாவும் எழுத்தர்.
ராஜா மாறினார்; மைக்கூடு மாறவில்லை.

மலையடியிலிருந்து வரிசையாய்
மண்மேடுகள், நடுவில் குழி,
பெரிய எறும்புகள் கட்டியதுபோல்.
நாற்பத்தொன்று எண்ணினேன்.
கீழே எங்கோ கனாத் தூர்ந்து கிடக்கிறது.
எதைப் போட்டுத் தூர்த்தார்கள் என்று
அவன் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

அன்று வாசலில் ஆள் பிரித்தார்களாம்.
நெசவாளி, கொல்லன், கண்ணாடி ஊதுபவன் வலப்பக்கம்,
கிழக்கே கூட்டிப் போக.
குஷ்யார் என்றொருவன் முன்வந்து
"பூமிக்குள் தண்ணீரை நடத்துவேன்" என்றானாம்.
மொழிபெயர்த்தவனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை.
"குழி தோண்டுபவன்" என்றான்.
சிரித்தார்கள்.
இடப்பக்கம்.

தொக்தாய் கதையை அங்கே நிறுத்தித்
தோல்பையைச் சாய்த்துப் பார்த்தான். காலி.
"ஒரு ஆள் அனுப்பு, எட்டுக் குதிரை தருகிறேன்."

ஏட்டில் என்ன எழுத?
கிணறு: நாற்பத்தொன்று.
நீர்: என்று போட்டு
மை காயும்வரை காத்திருந்தேன்.
இந்த வெயிலில் அதற்கு அதிக நேரம் ஆகாது.