திங்கட்கிழமை, மஞ்சள்

கோத்தகிரியில் பல்வலி
ஒன்பதரைக்குத்தான் கதவைத் தட்டும்.
நான் ஒன்பதுக்கே வந்துவிடுவேன்.
முதலில் மீன்களுக்கு விளக்கு,
பிறகுதான் மாதா படத்துக்கு.

காத்திருப்பவர்கள் பயத்தைக் கொஞ்சம் மறக்கட்டுமென்று
டாக்டர் போஜன் வாங்கி வைத்த தொட்டி.
இரண்டரை அடி. கப்பி பதினொன்று. பழுப்பு நத்தை ஒன்று.
வேலம்பாசி மட்டும் வளரவே மாட்டேனென்றது.
அதற்குத் தண்ணீரில் கரியமிலவாயு வேண்டுமாம்.
சர்க்கரை, ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர்,
காலி சோடா பாட்டில், சலைன் குழாய்.
நானே செய்தேன்.

இந்தக் குளிரில் ஈஸ்ட்டும்
போர்வையை விட்டு எழ மறுத்தது.
நிமிடத்துக்கு ஒரு குமிழ். சில நாள் அதுவும் இல்லை.
தொட்டிக்குள் தொங்கும் கண்ணாடி மணியில்
நிறம் காட்டும் திரவம்
நீலமாகவே கிடந்தது.
பச்சை என்றால் சரி. மஞ்சள் என்றால் மிகை.
மஞ்சளை நான் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூட முகாம்.
நாற்பத்துமூன்று வாய்கள்.
கருவிகளை அவிக்கும் இயந்திரம்
ஆறு முறை கொதித்து இறங்கியது.
அதன் பக்கம் பாட்டிலை நகர்த்தி வைத்தவள் நான்.
சூடு கண்டு அது நுரைத்தபோது
கை தட்டியவளும் நான்.

விளக்கை அணைத்தேன். குழாயை எடுக்க மறந்தேன்.

ஞாயிறு முழுக்கப் பூட்டிய அறை.
இருட்டில் செடி அந்த வாயுவைத் தொடாது,
தன் பங்குக்குத் தானும் மூச்சு விடும்.
பதினொரு மீன், ஒரு நத்தை, ஒரு பாட்டில்,
எல்லாம் ஒரே தண்ணீரில்.

எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
பாறையில் இறங்கி, சோலையில் வடிந்து வருவது.
டீக்கு நல்லது, துணிக்கு நல்லது,
பருப்பு இரண்டே விசிலில் குழையும்.
ஆனால் அதற்குப் பிடிமானம் கிடையாது.
தள்ளினால் தள்ளிய பக்கம் போய்விடும்.

திங்கள் காலை, மஞ்சள்.
காகிதத்தை நனைத்துப் பார்த்தேன்:
வெள்ளிக்கிழமை ஏழு, இன்று ஐந்தரை.
மீன்களெல்லாம் மேல்மட்டத்தில்
வட்ட வட்டமாய் வாய் திறந்திருந்தன.
எங்கள் நாற்காலியில் யாரும்
சொல்லாமல் வாய் திறந்ததில்லை.

பாதித் தண்ணீரை இறைத்தேன். காற்று மோட்டாரைப் போட்டேன்.
டாக்டர் வந்து, ஸ்வெட்டரைக் கழற்றாமலே குனிந்து,
நத்தையை எடுத்துப் போனார்.
நாற்காலி விளக்கின் கீழே வைத்து
வளைந்த ஊசியால் ஓட்டின் உச்சியைத் தொட்டார்.
ஊசி இறங்கியது.

"சொத்தை" என்றார்.
"ஒரு ஞாயித்துக்கிழமையில ஆனதில்ல இது."

முகாமில் சுகிர்தன் என்றொரு பையன்.
கடைவாயில் நான்கு குழி, சட்டைப்பையில் மிட்டாய்த்தாள்.
பாட்டிலில் நான் போட்டதும் சர்க்கரைதான்.
தின்கிற கிருமி வேறு, வருகிற புளிப்பு வேறு.
சுண்ணாம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஒன்பது பிழைத்தன.

தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்ட தங்கை
பார்சலில் கிளிஞ்சல் அனுப்பினாள்.
நொறுக்கி, டாக்டரின் ஜோடி தொலைந்த காலுறையில் கட்டித்
தொட்டி மூலையில் தொங்கவிட்டேன்.
ஏழாயிரம் அடி ஏறி வந்த கடல்
கரைகிறதா என்றுகூடத் தெரியாமல் கரைகிறது.
திரவம் பச்சைக்கு வந்து, பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது.
நத்தை ஓட்டில் பழைய குழி அப்படியே இருக்கிறது,
விளிம்பில் மட்டும் நகக்கண் அளவு புதிய வளையம்.

இப்போது ஐந்தரைக்கு
"விளக்கு, குழாய்" என்று வாய்விட்டுச் சொல்கிறேன்.
மருந்து வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

கீழ்கோத்தகிரி பஸ்ஸில் எல்லாக் கண்ணாடியும் சாத்தியிருக்கிறது.
ஐம்பது பேரின் மூச்சு
உள்பக்கமாய் வழிகிறது.
முன் சீட்டுக் குழந்தை கொட்டாவி விடுகிறது, மறுபடியும் விடுகிறது.
நான் என் கண்ணாடியை ஒரு விரல் நகர்த்துகிறேன்.
"குளுருதும்மா, சாத்துங்க."

"அடுத்த ஸ்டாப் வரைக்கும்" என்கிறேன்.