மூட்டு வேலை

நெருப்பு நிலம் என்று இந்தத் தீவுக்குப் பெயர்.
கடலில் போனவர்கள்
கரையில் எரிந்த தீயைப் பார்த்து வைத்தது.
பனிக்காற்றுதான் மிச்சம் இப்போது.
தீயைப் பார்க்க வேண்டுமென்றால்
காலை நாலு மணிக்கு வாருங்கள்,
என் விரல்முட்டிகளைத் தொட்டுப் பாருங்கள்.

ஆறு மணிக்கு ஆலை.
நாலுக்கே எழுவது ஜெபத்துக்கு அல்ல,
கைகளை எழுப்ப.
வெந்நீர்க் கிண்ணத்தில் பத்தும் கிடக்கும்
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனவை மாதிரி.
முதலில் சுண்டுவிரல் சம்மதிக்கும்.
கட்டைவிரல் கடைசி,
முதலாளி அல்லவா.

ராஜ நண்டு வேலை எனக்கு.
வெந்து சிவந்த கால்கள் பெல்ட்டில் வரும்.
மூட்டில் பிடி, திருகு, இழு.
சதை முழுசாக வர வேண்டும்.
பிய்ந்தால் இரண்டாம் தரம், பாதி விலை.
பதினெட்டு வருஷத்தில் எத்தனை மூட்டு
என்று நான் எண்ணியதில்லை.
"அதுகள் எண்ணி வைத்திருக்கின்றன" என்கிறாள்
பக்கத்து மேசை ஒடில்யா.
சிரிக்கிறோம், கையுறைக்குள் வலிக்க வலிக்க.

நண்டுகளுக்கு என்மேல் கோபமில்லையாம்.
நீரிணைக்கு அக்கரை டாக்டர் சொல்லிவிட்டார்:
என் உடம்பே என் உடம்பை
அந்நியன் என்று அடிக்கிறது.
ஐம்பத்து மூன்று வருஷம் சோறு போட்டவளை
வீட்டு நாயே கடிக்கிற மாதிரி.
வெள்ளிதோறும் ஆறு மாத்திரை.
சனி முழுக்கக் கப்பல் தளம்போல் ஆடும் சமையலறை.

படிவம் தந்தார்கள்.
பெயர்: எதுவீனா பர்ரியா.
பத்துக் கிலோ தூக்க முடியுமா?
ஆம். இல்லை.
செவ்வாய் முடியும்.
புதன் மதியத்துக்கு மேல் முடியும்.
காற்று திரும்பும் நாளில்
தேநீர்க் கரண்டியும் கனம்.
அதற்குக் கட்டம் இல்லை.

ஒன்பதுக்கு வரட்டுமா என்று கேட்டேன்,
மாலையில் ஈடுகட்டுகிறேன் என்று.
நோல்பெர்தோ ஓயர்சோ நிமிரவில்லை.
"பார்க்க நல்லாத்தானே இருக்கே."

பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.
ஆட்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையில்
பேனாவைச் செருகிக்கொண்டார்.
கட்டைவிரல் ஓரமாக, வேலையற்று, வீங்கி.

நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
சுவருக்கு அப்பால் ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது.
"ஏழரை" என்றார்.
"ஒன்பதெல்லாம் இல்லை. ஏழரை."
கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போய்
எங்கோ முடிந்தது.

ஒன்றரை மணி நேரம்.
சம்பளத்தில் பிடிப்பார்கள், அதை எழுத
அவர் மறக்கவில்லை.
ஆனாலும் ஜிப் ஏறுகிறது.
ரொட்டியை நானே வெட்டுகிறேன்.

இன்று முதல் காலைத் திருகினேன்,
சதை முழுசாக வந்தது.
இரண்டாவது வரவில்லை.
மூன்றாவதும்.
ஒடில்யா என் பக்கம் திரும்பவேயில்லை,
நேற்றுப் பெய்த பனியைத் திட்டிக்கொண்டே
ஏற்கெனவே திருகி வைத்த நண்டுக்கால் ஒன்றை
என் தட்டுக்குத் தள்ளினாள்.