இருந்தால் நல்லது

தார்த்து நகரில் மார்ச் மாதம்.
ஆற்றில் பனிக்கட்டி உடைகிற சத்தம்
நாலாம் மாடிக்கு ஏறி வருவதில்லை.
ஹீட்டர் மட்டும் தொண்டையைச் செருமிக்கொள்கிறது.

என் பொறுப்பில் ஒரு சின்னச் செயலி.
பறவையின் குரலைப் படமாக வரைந்து காட்டும்.
எழுதியது வேறு யாரோ;
பொதி கட்டி அனுப்புவது நான்,
ஞாயிற்றுக்கிழமைகளில், சம்பளமில்லாமல்.

பொதியின் நெற்றியில் இரண்டு பட்டியல்.
ஒன்று: இல்லாவிட்டால் ஓடாது.
மற்றது: இருந்தால் நல்லது.

முதலாவதில் ஓர் எழுத்துப் பிசகினால்
விடிவதற்குள் பத்துப் பேர் கேட்டுவிடுவார்கள்.
இரண்டாவதை யாரும் படிப்பதில்லை.
வீடு மாறிப் போனவர்களின் பெயரோடு
கீழ்த்தளத்தில் வரிசையாக நிற்கும்
தபால்பெட்டிகள் மாதிரி அது.

குறுந்தகட்டில் பதிய ஒன்று.
அகச்சிவப்பில் பழைய கைபேசியோடு பேச ஒன்று.
மோடம் வழியாக ஃபேக்ஸ் அனுப்ப ஒன்று
(எந்த வானம்பாடியை, எந்த அலுவலகத்துக்கு?)

ஒவ்வொன்றாகக் களஞ்சியத்தில் தேடினேன்.
அப்படி ஒரு பொதி இல்லை.
அப்படி ஒரு பொதி இல்லை.
பேருக்கு இருந்தவை.
பேர் மட்டும் இருந்தது.
ஏழு வரி போயிற்று.

எட்டாவதன் ஓரத்தில்
எனக்கு முன்னால் இதைக் கட்டிய மரெட்டின் குறிப்பு:
எடுக்காதே. ஹெல்டுர் பயன்படுத்துகிறார்.

புள்ளி அச்சுப்பொறிக்கான நூலகம்,
துளையிட்ட தொடர்தாளில் அச்சிட.
அதுவும் களஞ்சியத்தை விட்டுப் போய் நாலு வருடம்.
அப்படியென்றால் நாலு வருடமாய்
இந்த வரி ஹெல்டுருக்குக் கொடுத்தது என்ன?

பழைய புகார் ஒன்றில் முகவரி கிடைத்தது.
ஹீயுமா தீவு. எழுதிக் கேட்டேன்.
வரியைத் தொடாமல் பதினொரு நாள்.

மின்னஞ்சல் வரவில்லை, தபால் வந்தது.
"என் கணினியை இணையத்தில் இணைப்பதில்லை.
உங்கள் செயலியைக் கடைசியாகப் புதுப்பித்து
ஒன்பது வருடம் ஆகிறது.
அச்சுப்பொறி நன்றாக ஓடுகிறது.
நீங்கள் அங்கே எடுப்பது எதுவும்
இங்கே வந்து சேராது. தாராளமாக எடுங்கள்."

கூடவே மடிப்பு மடிப்பாய் ஒரு கட்டுத் தாள்:
போன மே மாதம், ஓர் இரவு,
ஒரே நைட்டிங்கேல்.

அறைக்குள் விரித்தேன், போதவில்லை.
கதவைத் திறந்து நடைவழியில் விரித்தேன்.
எதிர்வீட்டு விர்வே வெளியே வந்து
இன்றைக்கு என்ன வேலை என்றாள்.
இல்லாததை எடுத்தேன், என்றேன்.
அதற்கா இத்தனை நேரம்?

எட்டாவது வரியையும் நீக்கினேன்.
மாற்றக் குறிப்பில், 'இனி கிடைக்காதவை நீக்கம்'.
பொதியின் எடையில் ஒரு கிலோபைட் குறையவில்லை.

விர்வேயின் பூனை தாளின் மேல் நடந்து போய்
அதிகாலை மூன்று பத்தில்,
பறவை சற்று நிறுத்தியிருந்த
வெள்ளை இடத்தில்
உட்கார்ந்துகொண்டது.