தீவு என்பது கேள்வி ஞானம்

ஏறிக்கொள்ளுங்கள். பையை மடியில் வையுங்கள்,
பின்னால் லீக்ஸ் மூட்டை இருக்கிறது.
தீவைச் சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொன்னீர்கள்.
அப்புத்தளையில் தீவு என்பது கேள்வி ஞானம்.
பள்ளிக்கூடப் படத்தில் நாலு பக்கமும் நீலம்;
அதைச் சாயம் என்றுதான் நினைத்தேன்.
முப்பத்தொரு வயதில், அம்பாந்தோட்டைக்கு
மரக்கறி லொறியில் போனபோதுதான் கால் நனைத்தேன்.
உப்பு என்று சொல்லியிருந்தார்கள்.
இத்தனை உப்பு என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் கொழுந்து மட்டும்
எல்லாக் கடலையும் பார்த்தாயிற்று.

இந்தத் தோட்டத்துக்குப் பலகையில் ஒரு பெயர்:
ஸ்கொட்லாந்தில் எவரோ விட்டுவந்த ஆறு.
கடிதம் அந்தப் பெயருக்கு வரும்.
நாங்கள் கூப்பிடுவது கரடிக்கல்.
கரடியை யாரும் பார்த்ததில்லை.
ஆற்றையும்தான்.

சரிவில் நிரை பிடித்து நிற்கிறார்களே,
படம் எடுக்குமுன் கையசைத்துக் கேளுங்கள்.
நிறுவைக்கு நேரமாகிறது.
பதினெட்டுக் கிலோ இருந்தால் ஒரு பேர்,
குறைந்தால் அரைப்பேர்.
நாள் சம்பளத்துக்கு இங்கே அப்படித்தான் சொல்வது.
என் மனைவி புவனமலர் நேற்று மழையில்
புவனமாக மட்டும் வீட்டுக்கு வந்தாள்.
மலரைச் செக்ரோல் வைத்துக்கொண்டது.

மாசி அமாவாசை கழிந்து வந்திருந்தால்
காமன் கம்பம் ஊன்றுவதைக் காட்டியிருப்பேன்.
ஒன்பது வருடமாய் எங்கள் ஊரில்
ரதி நான்தான்.
சிரிக்கலாம், பரவாயில்லை.
விரதம் தொடங்கும் காலையில் மீசை போய்விடும்.
இரவிக்கை தைப்பவர் கடைவீதி நஸார் நானா.
நாடாவைப் பிடித்துக்கொண்டு அதட்டுவார்:
"மூச்ச உள்ளுக்கு இழுக்காதீங்க ரதி,
ஆடும்போது கிழிஞ்சிரும்."
தப்புக் காய்ச்சும் நெருப்புக்கு விறகு தருவது
கீழ்க் கிராமத்துப் பியசேன.
அவர் வாசலின் வெசாக் கூடுகளுக்கு
மூங்கில் கீறிக் கொடுப்பது நான்.
கணக்கு சரி.
சில வருடங்கள் அந்தக் கணக்கு எரிந்தும் போயிருக்கிறது,
அதை அடுத்த வளைவு தாண்டிச் சொல்கிறேன்.

சிவன் கண் திறப்பார். மதன் எரிவான்.
மதனாக ஆடும் துஷ்யந்தன் இப்போது
கொழும்பில் ஒரு டைல்ஸ் கடையில்.
மூன்று நாள் லீவு கேட்டால் இரண்டு தருகிறார்கள்.
போன வருடம் எரிந்தவன்
உயிர்த்தெழுமுன் பஸ் ஏறிவிட்டான்.
ஒற்றையாய் நின்று ஒப்பாரி வைத்தேன்.
எப்போதையும்விட அழுகை நன்றாக வந்ததென்று
கோயில் தலைவர் ஐந்நூறு ரூபாய் குத்திவிட்டார்.

என்ன கேட்டீர்கள்?
சொந்த ஊரா?
இப்போதுதானே சொன்னேன், கரடிக்கல்.
அதற்கு முந்தியா?
அதற்கு முந்தி மேப்பிரிவு.
கல்யாணத்துக்குப் பிறகுதான் கீழே வந்தேன்.

அடுத்த வளைவும் தாண்டிவிட்டோம்.
மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்குங்கள், இந்தக் கடையில் சாயத்தண்ணி குடிப்போம்.
சீனியைக் கலக்க மாட்டார்கள்,
உள்ளங்கையில் கொட்டுவார்கள்.
ஒரு நக்கு, ஒரு மிடறு.
அப்படியில்லை, அவசரப்படுகிறீர்கள்.
நாக்கில் சீனி இருக்கும்போதே தேத்தண்ணி போக வேண்டும்.
நல்ல இலை கப்பலுக்குப் போனபிறகு
எங்களுக்குத் தங்கிய தூள் இது;
கசப்பைக் குறை சொல்லாமல்
பக்கத்தில் இனிப்பை வைத்துக்கொள்கிறோம்,
அவ்வளவுதான் சங்கதி.

பனி விலகுகிறது பாருங்கள்.
தெற்கே, இரண்டு மலைக்கும் நடுவில்,
ஊசி நுழைகிற அகலத்தில் ஒன்று மினுங்குகிறதா?
வெயில் பட்ட தகரம் என்றுதான்
வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தோம்.
அங்கே இல்லை, என் விரலுக்கு நேரே.

சீக்கிரம் பாருங்கள்.
கையில் சீனி கரைகிறது.