மருந்து

பகலில் வோக்கிங் கடைவீதியில் நான் கொடுப்பது மருந்து.
இரவில் கராஜில் அளப்பதும் மருந்து.
துப்பாக்கி உரிமத்துக்காக வீட்டுக்கு வந்த அதிகாரியிடம்
எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றேன்.
குறித்துக்கொண்டார்.
எதற்கென்று இன்றுவரை தெரியாது.

கறுப்பு மணிகள்,
கடுகை நீளவாக்கில் இழுத்துவிட்டதுபோல.
தராசுத் தட்டில் விழ விழ எண் ஏறும்.
கடைசி மூன்று மணியை இடுக்கியால் வைப்பேன்.
ஒன்று கூடினால் ஒன்றை எடுப்பேன்.
எடுத்ததைத் திரும்ப வைப்பேன்.
தங்கம் நிறுக்கிறவர்கூட இதற்குள் போதும் என்றிருப்பார்.
சுதர்சினி கதவில் சாய்ந்து கேட்டாள்:
"சீக்காளிக்கு இவ்வளவு பார்ப்பீங்களா?"
பார்ப்பதில்லை.
அங்கே மாத்திரை எண்ண இயந்திரம் இருக்கிறது.

போன வாரம் வேகமானியில் பார்த்தேன்.
நொடிக்குத் தொள்ளாயிரத்து ஒரு மீட்டர்.
தொள்ளாயிரத்து ஒன்று.
தொள்ளாயிரத்து இரண்டு.
மறுபடி ஒன்று.
அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை என்பதே
பாதி சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

மூன்று மீட்டர் வேகம் பிசகினால்
ஆயிரம் கெஜம் தாண்டி அரைச் சாண் ஏறும் அல்லது இறங்கும்.
பக்கவாட்டில் பொய் சொல்வது காற்று,
அது அதன் பிழைப்பு.
மேலும் கீழும் விழுந்தால்
பொய் என்னுடையது.

பிஸ்லி. ஸ்டிக்கிள்டவுன் மைதானம். ஜூலை.
பாயில் குப்புறப் படுத்திருக்கிறேன்.
பக்கத்துப் பாயில் மியூரியல் ஹாஸ்கெட்,
குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்.
அவர் ஒன்று, நான் ஒன்று என மாறி மாறிச் சுடுகிறோம்.
என் மதிப்பெண்ணை அவரும்
அவருடையதை நானும் எழுதுகிறோம்.
பதினான்கு குண்டுகள்.
தூரத்து மண்மேட்டில் என் பலகையில்
ஒரே கோட்டில் கொடி உலர்த்தியதுபோல் ஓட்டைகள்.
உயரம் மாறவே இல்லை.
எழுந்து நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போலிருந்தது.

பதினைந்தாவதை உள்ளே தள்ளி போல்டைப் பூட்டினேன்.
கொடிகள் சட்டென்று படுத்தன.
பிறகு எதிர்ப்பக்கம் எழுந்தன.
பிறகு எதுவும் செய்யவில்லை.
நாற்பத்தைந்து நொடி கெடு.
பதினான்கு வெடி வெடித்த குழல்
தோசைக்கல் சூட்டில் இருந்தது.
உள்ளே அந்த மருந்து
காத்திருந்தது.
நாற்பத்தொன்றில் சுட்டேன்.

ஒன்றரை நொடிக்கும் கொஞ்சம் அதிகம்.
பலகை இறங்கியது.
ஏறியது.
நேர் மேலே, பன்னிரண்டு மணிக்கு, ஒரு வட்டு.
"நாலு," என்று எழுதினார் மியூரியல்,
குதிரைக்குக் காய்ச்சல் அளவு எழுதும் குரலில்.

எடை சரி. கூடு சரி. குண்டு சரி.
ஒரே ராத்திரி, ஒரே தட்டு, ஒரே கை.
அந்த ஒன்று மட்டும் சூட்டில் கிடந்தது.
அவசரமாகப் போய்விட்டது.

கேட்காமலே செவ்வாய்க்கிழமை வந்தது.
கிர்ஸ்டி லேபிளை மாற்றி ஒட்டியிருந்தாள்.
காலை ஒன்பதுக்கே பார்த்துவிட்டேன்,
யாரும் வாங்கிப்போவதற்கு முன்னால்.
ஒன்றும் சொல்லவில்லை.
வரிசை நீளம். தொலைபேசி.
பிரெட்னிசலோன் வரவில்லை என்று ஒருவர் கத்தல்.
நாலரைக்குச் சொன்னேன்.
ஐந்தே சொல்.
கெட்ட சொல் அதில் ஒன்றுகூட இல்லை,
அளந்துதான் வைத்திருந்தேன்.
பின்னறையில் வெகுநேரம்
அவள் கோட்டைத் தேடும் சத்தம்.

"உங்கள் முறை," என்கிறார் மியூரியல்.

பதினாறாவது என் கையில்.
போல்டைத் திறந்தே விட்டிருக்கிறேன்.
கொடிகள் இன்னும் முடிவு செய்யவில்லை.
பித்தளை மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகிறது,
உள்ளங்கையும் சூடுதான்.
பெட்டிக்குள் அதன் குழியில் திரும்ப வைத்து
நிழலுக்கு மூடியைச் சாய்க்கிறேன்.
நொடிகள் போகின்றன.