ரெண்டாவது தடவை

முக்கூடலில் எங்கள் பீடிக் கடைக்குச்
சாயந்திரம் நாலு மணிக்குத் தட்டுகள் வரும்.
எண்ணுவது என் வேலை.
கட்டுக்கு இருபத்தஞ்சு.
நூல் தளர்வு, தூள் குறைவு, வாய் மடக்கு சரியில்லை:
எடுத்து ஓரமாகப் போடுவேன்.
அதற்குக் கழிவு என்று பெயர்.
கழிவுக்குக் கூலி கிடையாது,
திருப்பித் தருவதும் கிடையாது.

முப்பிடாதிக்கு அறுபத்திரண்டு வயசு.
நாற்பத்தஞ்சு வருஷம் இலை சுருட்டியதில்
வலது பெருவிரலில் ரேகையே இல்லை.
குளித்து முடித்த சோப்புக் கட்டி மாதிரி
வழவழவென்றிருக்கும்.
அந்த விரலைத்தான் அரசாங்கம் கேட்டது,
மாசம் ஒரு தடவை,
ஆயிரத்து இருநூறுக்கு.

பேங்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும்.
ஆகவே பேங்கே தெருவுக்கு வந்தது,
பைக்கில், ஒரு கறுப்புப் பைக்குள்.
வேப்பமரத்தடியில் பையன் மிஷினை விரிப்பான்.
நல்ல பையன்.
எல்லாரையும் எக்கா என்பான்.
விரலை அவனே ஈரத்துணியால் துடைத்துவிடுவான்.
"விழலையேக்கா. இன்னொரு தடவை வைங்க."
வைப்பாள்.
"ஆங், விழுந்துட்டு."

போன ஆவணியில் கடை வேலையாகத் திருநெல்வேலி போனேன்.
அவள் பாஸ்புக்கையும் கொடுத்துவிட்டாள்,
பதிஞ்சிட்டு வாளா என்று.
ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நிற்கையில் சும்மா புரட்டினேன்.
அஞ்சாம் தேதி ஐநூறு.
அதே அஞ்சாம் தேதி ஆயிரத்து இருநூறு.
மேலே போனேன்.
ஐநூறு, ஆயிரத்து இருநூறு.
ஐநூறு, ஆயிரத்து இருநூறு.
பதினோரு மாசம்.
முதல் தடவையே விழுந்திருக்கிறது.
நான் எண்ணி எழுதிய கூலி
அந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது.
பஸ் வந்தது. ஏறவில்லை.

ஸ்டேஷனுக்குப் பதினாலு பேர் போனோம்.
ரைட்டர் கேட்டார்,
"விரல் வச்சது நீங்கதானம்மா?
யாரும் புடிச்சு அமுக்கலைல்லா?"
யாரும் பேசவில்லை.
அடுத்து அவன் பேரைக் கேட்டார்.
மிஷின் தம்பி என்றாள் சொர்ணக்கிளி.
அதற்கு மேல் ஒருத்திக்கும் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் சாம்பிராணி விற்கிற கோயில்பிச்சைக்குப்
பிறவியிலிருந்தே கண் கிடையாது. அவர் சொன்னார்,
"உங்களுக்குச் சீட்டு எதுக்கு அண்ணாச்சின்னு சிரிச்சான்.
நானும் சேர்ந்துல்லா சிரிச்சேன்."

பையன் இப்போது எந்த ஊரிலோ.
பேங்க் மேனேஜர் விசாரிப்பதாக எழுதித் தந்தார்.
மூணு பேருக்குப் பணம் திரும்பியது.
முப்பிடாதிக்கு இன்னும் வரவில்லை.

புதுப் பையன் வந்த அன்று
வேப்பமரத்தடியில் யாரும் தனியாக வரவில்லை.
ஒருத்தி விரல் வைக்க
இன்னொருத்தி திரையைப் பார்த்தாள்.
எழுத்துத் தெரியாதவளுக்கும்
பன்னிரண்டுக்குப் பின்னால் ரெண்டு முட்டை தெரியும்.
கோயில்பிச்சை தொகையை உரக்கச் சொல்லச் சொன்னார்.
பையன் சொன்னான்.
"டீக்கடைக்குக் கேக்கணும்" என்றார்.
மறுபடி சொன்னான்.
முப்பிடாதியின் முறை.
"விழலைம்மா, இன்னொரு தடவை..."
அவள் பெருவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடிக்கொண்டாள்.
"விழலைன்னு சீட்டு வரும்லா,
அதைக் கிழிச்சுக் குடு முதல்ல."
வந்தது. அது நிஜமாகவே விழவில்லை.
அந்தச் சீட்டையும் மடித்து
இலை வெட்டும் தகரத்துக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

நான் சந்தோஷப்பட்டேன்.
நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்,
பாஸ்புக்கில் கண்டுபிடித்தது நான்தான் என்று.

மறுநாள் நாலு மணி.
அவள் தட்டை எண்ணினேன்.
இருபத்தெட்டு பீடியை ஓரமாக ஒதுக்கினேன், வழக்கம்போல.
முதலாளி அதைத் தனியாகக் கட்டி விற்பது
எனக்குத் தெரியும்.
பக்கத்தில் சொர்ணக்கிளி நின்றிருந்தாள்,
அவள் முறை இல்லாத நேரத்தில்.

முப்பிடாதி தட்டை எடுக்கவில்லை.
கையை மூடியபடியே கேட்டாள்,
"இதுக்குச் சீட்டு உண்டாளா?"